தானியம் போட்டா புறா மட்டும்தான் வருது, மத்த பறவையெல்லாம் எங்க?

நீங்க எழுதினதைச் சுருக்கமா சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன். வீட்டைச் சுத்தி கொஞ்சம் இடம், பத்து பதினஞ்சு தொட்டி, ஆறு மாசமா தினமும் தானியம் போடுறீங்க, வர்றது புறாவும் காக்காவும் மட்டும். பக்கத்து பார்க்குல வாக்கிங் போறப்போ ஏகப்பட்ட சத்தம் கேக்குது ஆனா அண்ணாந்து பாத்தா இலைதான் தெரியுது, அதுலயும் ஒரு சத்தம் சுத்தியலால தட்டுற மாதிரி 'டொங்க் டொங்க்'னு தலைக்கு மேலயே கேக்குது, எதுன்னே கண்டுபிடிக்க முடியல. என்ன தீனி போடணும், எந்த பைனாகுலர் வாங்கணும்னு கேட்டிருக்கீங்க. எனக்கென்னவோ இதுக்கு அடியில வேற ஒரு கேள்வி இருக்குற மாதிரி படுது: இந்த ஊருக்குள்ள பறவையே இல்லையா, இல்ல எனக்குத்தான் பாக்கத் தெரியலையா? இருக்குங்க. நீங்க நினைக்கிறதை விட நிறைய இருக்கு. நான் விலங்கியல் படிச்சவன், இருபது வருஷத்துக்கு மேல ஒரே தோட்டத்தையும் ஒரே பார்க்கையும் கிட்டத்தட்ட தினமும் பாத்து நோட்டுல எழுதிட்டு வர்றேன், அந்த அனுபவத்துல தெரிஞ்சதைச் சொல்றேன்.

முதல்ல தீனியை நிறுத்துங்க. கேக்க கஷ்டமா இருக்கும், ஆசையா போடுறீங்கன்னு தெரியுது, ஆனா தரையில கொட்டுற தானியம் யாருக்கு வசதின்னு யோசிச்சுப் பாருங்க. புறா கூட்டமா வந்து இறங்கும், அரை மணி நேரத்துல காலி பண்ணும், அது இருக்குற இடத்துல சின்னக் குருவி எதுவும் நிம்மதியா இறங்காது. தினமும் ஒரே இடத்துல தீனி கிடைச்சா புறா பக்கத்துலயே கூடு கட்டிப் பெருகும், அதோட எச்சம் காஞ்சு தூளாகி காத்துல கலந்தா சில பேருக்கு நுரையீரல்ல ஒவ்வாமை வந்து மூச்சு விடவே கஷ்டமாகுற நோய் வரும், இது டாக்டர்கள் நல்லா அறிஞ்ச விஷயம். ஏற்கனவே எச்சம் சேந்திருந்தா காஞ்சபடியே பெருக்காதீங்க, தண்ணி தெளிச்சு நனைச்சிட்டு, முகத்தை மூடிக்கிட்டு அள்ளுங்க.

அப்போ மத்த பறவை எதுக்கு வரும்? பூச்சிக்கு, தேனுக்கு, சின்னப் பழத்துக்கு, தண்ணிக்கு, ஒளிஞ்சுக்க ஒரு புதருக்கு. இதுல பூச்சிதான் பெருசு. தானியம் திங்கிற சிட்டுக்குருவி கூட குஞ்சுக்கு ஊட்டுறது புழுவும் பூச்சியும்தான், பூவுல தேன் குடிக்கிற தேன்சிட்டும் குஞ்சு பொரிச்சா சிலந்தியையும் சின்னப் பூச்சியையும் தேடித் தேடிப் பொறுக்கும். அதனால உங்க தோட்டத்துல இலை ஓட்டை ஓட்டையா இருந்தா சந்தோஷப்படுங்க. எலுமிச்சையிலயும் கறிவேப்பிலையிலயும் பறவை எச்சம் மாதிரியே ஒட்டிக்கிட்டு இருக்குற புழு பெரும்பாலும் பட்டாம்பூச்சியோட புழு, அது கொஞ்சம் பெருசானா பச்சையா மாறும், எருக்கஞ்செடியில கறுப்பு மஞ்சள் வெள்ளைப் பட்டை போட்டிருக்குறது இன்னொரு வகை. மருந்து அடிச்சா இதெல்லாம் போயிடும், இதை நம்பி வர்ற குருவியும் போயிடும். செடி வைக்கிறதா இருந்தா செம்பருத்தி, இட்லிப்பூ, இடம் இருந்தா ஒரு முருங்கை, முருங்கை பூத்தா தேன்சிட்டு வரலைன்னாதான் ஆச்சரியம்.

தோட்டத்தை ரொம்ப சுத்தமா வச்சுக்காதீங்க. ஒரு மூலையில காஞ்ச இலையை அப்படியே கிடக்க விடுங்க. தவிட்டுக்குருவி ஆறேழு பேரா ஒரு கூட்டமா வந்து ஒவ்வொரு இலையா புரட்டிப் புரட்டிப் போட்டு அடியில பூச்சி தேடும், தோட்டத்துல பாக்குறதுக்கு அதை விட கலகலப்பான கூட்டம் கிடையாது, ஒண்ணு மட்டும் மேல கிளையில உக்காந்து காவல் பாக்கும், மத்ததெல்லாம் தின்னும், அப்புறம் ஆள் மாறும். குளிர்காலம் தொடங்குறப்போ வடக்க இருந்து வர்ற ஆறுமணிக்குருவியும் இந்த மாதிரி இலைக்குவியல்லதான் இறங்கும். இமயமலை அடிவாரத்துலயும் மத்திய இந்தியாவுலயும் இனப்பெருக்கம் பண்ணிட்டு ராத்திரியில பறந்து தெற்க வர்ற பறவை அது, களைச்சுப்போய் ஊர் நடுவுல வீட்டுத் தோட்டத்துல விழுந்து கிடக்குறதை நானே மூணு தடவை பாத்திருக்கேன். காலையிலயும் சாயங்காலமும் கிட்டத்தட்ட ஆறு மணிவாக்குல கூப்பிடுறதாலதான் அந்தப் பேரு. அந்த இலைக்குள்ள அரணை இருக்கும், பயப்படாதீங்க, 'அரணை நக்கினா மரணம்'னு சொல்றதுல துளியும் உண்மை இல்ல, அதுக்கு விஷமே கிடையாது, பூச்சி தின்னுட்டுப் போற அப்பாவி ஜீவன்.

அடுத்தது தண்ணி. ஒரே ஒரு காரியம்தான் செய்ய முடியும்னு சொன்னீங்கன்னா இதைத்தான் செய்யச் சொல்லுவேன். அகலமான மண் தட்டு, ஆழம் ரெண்டுல இருந்து அஞ்சு சென்டிமீட்டர் போதும், வழவழன்னு இருக்கக் கூடாது, நடுவுல சொரசொரப்பா ஒரு கல் வையுங்க, சின்னக் குருவி அதுல உக்காந்துதான் குடிக்கும், பட்டாம்பூச்சி தேனீ விழுந்தாலும் ஏறிக்கும். தினமும் கொட்டிட்டுத் தேய்ச்சுக் கழுவி மாத்துங்க. கொசு முட்டை போட்டு பறக்குற கொசுவா மாற ஒரு வாரம் பத்து நாள் ஆகும், அதனால தினமும் மாத்திட்டே இருந்தா கொசுப் பயம் இல்ல, அழுக்குத் தண்ணியில பறவைக்குப் பறவை நோய் பரவுறதும் குறையும். தட்டைப் புதரை ஒட்டி வைக்காதீங்க, பூனை பதுங்கும், ரெண்டு மூணு மீட்டர் தள்ளி வச்சா பறவைக்கு ஓட நேரம் கிடைக்கும். ஜன்னல் பெரிய கண்ணாடியா இருந்தா வானமும் மரமும் அதுல தெரிஞ்சு பறவை மோதிச் சாகும், கண்ணாடிக்கு வெளிப்பக்கம் அஞ்சு சென்டிமீட்டர் இடைவெளியில புள்ளி புள்ளியா ஒட்டினா பெரிய அளவுல தடுக்கலாம், ஒரே ஒரு பருந்து ஸ்டிக்கர் ஒட்டுறதால எதுவும் நடக்காது.

இதெல்லாம் செஞ்சு ரெண்டு மூணு மாசம் பொறுமையா இருக்கணும். அப்புறம் வர்றதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது தையல்சிட்டு, அதைப் பத்திக் கொஞ்சம் சொல்லியே ஆகணும். பெருவிரல் அளவுதான் உடம்பு, எடை பத்து கிராம் கூட வராது, ஆனா சத்தம் தெரு முழுக்க கேக்கும், அந்தச் சத்தத்தை வச்சு நீங்க பெரிய பறவையைத் தேடுவீங்க, அதனாலயே கண்ணுக்குப் படாது. ஒரு வருஷம் என் ஜன்னலுக்கு ஒரு கை தூரத்துல தொட்டியில இருந்த அகல இலைச் செடியில அது கூடு கட்டுச்சு. இலையோட ஓரத்துல அலகால பொடி ஓட்டை போட்டு, சிலந்தி நூலையும் பஞ்சு இழையையும் அது வழியா இழுத்து விடும், அந்தப் பக்கம் வந்த இழை பிசுறி விரிஞ்சு குட்டி முடிச்சு மாதிரி நின்னுக்கும், அதனால திரும்ப உருவிக்காது. நம்ம தையல் மாதிரி ஒரே நூல் ஓடாது, ஒவ்வொரு தையலும் தனித்தனி, ஆணி அடிச்ச மாதிரி. இலை உயிரோட பச்சையாவே இருக்கும், தைச்ச பக்கம் உள்ள போயிட்டா வெளிய இருந்து பாக்குறவனுக்கு அது வெறும் இலை. உள்ள பஞ்சு மெத்தை. நாலு நாள் ஆச்சு அதுக்கு, நான் திரைச்சீலைக்குப் பின்னாடி நின்னு பாத்தேன், பன்னண்டு நாள்ல குஞ்சு பொரிச்சது, அப்புறம் ரெண்டு வாரத்துல ஒருநாள் காலையில மூணும் வரிசையா கிளையில உக்காந்திருந்துச்சு.

இதுக்கு நேர்மாறா நடந்ததும் உண்டு, அதையும் சொல்லணும். ஆரம்ப காலத்துல தொங்குற தொட்டியில கொண்டைக்குருவி, அதான் சின்னான்னு சொல்லுவோமே, முட்டை வச்சிருந்துச்சு. போட்டோவுக்கு மறைக்குதுன்னு ரெண்டே ரெண்டு இலையை நான் ஒதுக்கிக் கட்டினேன். மறுநாள் காலையில காக்கா வந்து மூணு முட்டையையும் எடுத்துட்டுப் போயிருச்சு, தாயும் தகப்பனும் சாயங்காலம் வரைக்கும் தொட்டியைச் சுத்திச் சுத்திக் கத்திச்சு. அந்த ரெண்டு இலைதான் அதோட கதவு. அன்னையில இருந்து கூட்டுப் பக்கம் கேமராவோட போறதே இல்ல. நீங்களும் கூடு பாத்தா தள்ளி நில்லுங்க, இலையைத் தொடாதீங்க, அடிக்கடி போய் எட்டிப் பாத்தீங்கன்னா காக்கா உங்களைப் பாத்தே கூட்டைக் கண்டுபிடிக்கும். கீழ விழுந்த குஞ்சைப் பாத்தா, இறக்கை முளைச்சுத் தத்தித் தத்தி நடக்குறதா இருந்தா அது பறக்கப் பழகுற குஞ்சு, பெத்தவங்க பக்கத்துலதான் இருப்பாங்க, பூனை வராம பாத்துக்கிட்டு விட்டுருங்க. இறகே இல்லாத குஞ்சுன்னா கூட்டுல திருப்பி வைக்கலாம், மனுஷ வாசனை பட்டா தாய் ஒதுக்கிடும்ங்கிறது தப்பு. வாயில தண்ணி மட்டும் ஊத்தாதீங்க, மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். அடிபட்ட பறவைக்கு வைத்தியம் சொல்ற தகுதி எனக்கில்ல, அட்டைப்பெட்டியில இருட்டா அமைதியா வச்சு, பறவை பாக்கத் தெரிஞ்ச கால்நடை டாக்டர் கிட்ட கொண்டு போங்க.

சிட்டுக்குருவி ஏன் வரலைன்னும் ஒரு வரி கேட்டிருந்தீங்க. செல்போன் டவர்தான் காரணம்னு எல்லாரும் அடிச்சுச் சொல்லுவாங்க, அது நிரூபிக்கப்படாத விஷயம். கூடு கட்ட ஓட்டுச் சந்து, சுவர்ப் பொந்து இல்லாத புது வீடுகள், குஞ்சுக்குப் பூச்சி இல்லாதது, இதெல்லாம் காரணமா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, ஆனா எது எவ்வளவுன்னு இடத்துக்கு இடம் மாறும். பக்கத்துல எங்கயாவது சிட்டுக்குருவி இருந்தா மட்டும் பெட்டி வச்சுப் பாருங்க, ஓட்டை 32 மில்லிமீட்டர், மத்தியான வெயில் படாத சுவர், ரெண்டு மூணு மீட்டர் உயரம். சுத்துவட்டாரத்துல ஒண்ணு கூட இல்லைன்னா பெட்டி வச்சு மட்டும் வரவைக்க முடியாது.

இப்போ பார்க்குக்கு வரேன். நீங்க வாக்கிங் போறீங்க, அதுதான் பிரச்சினை. நடக்குறவன் கண்ணுக்குப் பறவை படாது, உக்காந்திருக்குறவன் கண்ணுக்குத்தான் படும். சூரியன் உதிச்சு அரை மணி நேரத்துக்குள்ள போங்க, தனியா போங்க, வெயில் உங்க முதுகுப் பக்கம் வர்ற மாதிரி ஒரு இடம் பாத்து, புதரும் திறந்தவெளியும் சேர்ற ஓரமா இருபது நிமிஷம் அசையாம உக்காருங்க. முதல் பத்து நிமிஷம் ஒண்ணுமே நடக்காது, எழுந்து போயிடலாம்னு தோணும், போகாதீங்க, நீங்க வந்ததால அடங்கினது எல்லாம் அதுக்கப்புறம்தான் மெதுவா வெளிய வரும். ஆல், அரசு, அத்தி எதாவது பழுத்திருந்தா வேற எங்கயும் போகாம அதுக்குக் கீழயே உக்காருங்க, குயில், மைனா, கொண்டைக்குருவி, குக்குறுவான் எல்லாம் ஒரே மரத்துல கிடைக்கும். குயில்னா கறுப்புன்னு நினைச்சிருப்பீங்க, ஆண் மட்டும்தான் கறுப்பு, பெண் பழுப்புல வெள்ளைப் புள்ளி, நிறைய பேர் அதைப் பாத்துட்டு ஏதோ புதுப் பறவைன்னு எனக்குப் போட்டோ அனுப்புவாங்க.

கண்ணை விட காதுதான் முக்கியம், அதுலயும் பயந்து கத்துற சத்தத்தைத் தனியா பழகிக்கோங்க. அணில் ஒரே தாளத்துல விடாம வாலை ஆட்டி ஆட்டிக் கத்துதுன்னா, தவிட்டுக்குருவி கூட்டம் திடீர்னு கரகரன்னு கூச்சல் போடுதுன்னா, அங்க பூனையோ கீரியோ பாம்போ வல்லூறோ இருக்கு. போன மாசம் ஒரு காலையில பார்க் முழுக்க சட்டுன்னு அமைதியாச்சு, அந்த அமைதிதான் எனக்கு அடையாளம், தலையைத் தூக்கினா வேப்பமரத்துல வல்லூறு, அதோட செம்மஞ்சள் கண்ணு தெரியுற அளவுக்குப் பக்கத்துல, கையில ஒரு ஓணானோட உக்காந்திருக்கு. அதே மாதிரி பகல்ல காக்கா எல்லாம் ஒரே மரப்பொந்தைப் பாத்துக் கூடிக் கத்தினா போய்ப் பாருங்க, புள்ளி ஆந்தை ஜோடியா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. கரிச்சான், இரட்டைவாலன்னு சொல்லுவோமே, அது தன்னை விடப் பெரிய காக்காவையும் பருந்தையும் விரட்டி விரட்டி அடிக்கும், அதனாலயே அது கூடு கட்டுற மரத்துல மத்த சின்னப் பறவைங்களும் வந்து கட்டும்.

பறவையோட பேரைக் கண்டுபிடிக்க கார்னெல் பல்கலைக்கழகப் பறவையியல் ஆய்வகத்தோட மெர்லின் ஆப் இலவசம், சத்தத்தைக் கேட்டே பேர் சொல்ற வசதி 2021ல இருந்து இருக்கு, நானும் உபயோகிக்கிறேன். ஆனா அது சொல்றதை முடிவா எடுத்துக்காதீங்க, ஒரு துப்பா எடுத்துக்கோங்க. கரிச்சான் வல்லூறு மாதிரியே கத்திக் காட்டும், ஆப் வல்லூறுன்னு சொல்லிடும், கண்ணால பாத்தாதான் உறுதி. குளிர்காலத்துல வர்ற கதிர்குருவிகள்னு ஒரு கூட்டம் இருக்கு, எல்லாம் ஒரே மாதிரி மங்கலான பச்சை பழுப்பு, இலைக்குள்ள ஒரு நிமிஷம் நிக்காது, இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் நோட்டுல பல நாள் 'கதிர்குருவி, எதுன்னு தெரியல'ன்னுதான் எழுதுறேன், அதுல வெக்கமே இல்ல. பாத்த பறவையை எல்லாரும் பதிஞ்சு வைக்கிறதுக்குன்னு 2002ல ஆரம்பிச்ச ஈபேர்டுங்கிற இணையதளத்துல கூட அப்படிப் பதியுறதுக்குன்னே தனி இடம் வச்சிருக்காங்க, தப்பான பேரை விட அது ஆயிரம் மடங்கு உபயோகம். ஒண்ணு மட்டும் கெஞ்சிக் கேட்டுக்குறேன், பறவை வெளிய வரணும்னு போன்ல அதோட குரலைப் போட்டுக் காட்டாதீங்க. எவனோ தன் இடத்துக்குள்ள வந்துட்டான்னு நினைச்சு, குஞ்சுக்குத் தீனி தேடுற நேரத்தை விட்டுட்டு அது சண்டைக்கு அலையும்.

பைனாகுலர் கேட்டீங்க. முதல் ரெண்டு மாசம் வேண்டாம், வெறும் கண்ணால எங்க அசையுதுன்னு பிடிக்கப் பழகுங்க. அப்புறம் வாங்குறதா இருந்தா 8×42. எட்டு மடங்கு பெருசாக்கும், முன்னாடி இருக்குற லென்ஸ் 42 மில்லிமீட்டர், விடியக்காலையில வெளிச்சம் கம்மியா இருந்தாலும் நல்லா தெரியும். கடைக்காரர் 10 மடங்கு, 20 மடங்குன்னு காட்டுவார், மடங்கு கூடக் கூட கை நடுக்கமும் கூடித் தெரியும், தெரியுற பரப்பும் சின்னதாகும், இலைக்குள்ள ஓடுற தையல்சிட்டைப் பிடிக்கவே முடியாது. ரெண்டு மீட்டர் வரைக்கும் பக்கத்துல ஃபோகஸ் ஆகுறதா பாத்து வாங்கினீங்கன்னா பட்டாம்பூச்சியையும் பாக்கலாம். கண்ணாடி போடுறவங்களா இருந்தா கண் வைக்கிற ரப்பரை மடக்கி வச்சு, முழு வட்டமும் தெரியுதான்னு கடையிலயே பாத்துருங்க. உபயோகிக்கிறப்போ பறவை மேல இருந்து கண்ணை எடுக்காம பைனாகுலரைக் கண்ணுக்குத் தூக்குங்க, நிறைய பேர் குனிஞ்சு பைனாகுலரைப் பாத்துட்டு நிமிர்றதுக்குள்ள பறவை போயிடும்.

கடைசியா உங்க டொங்க் டொங்க். நீங்க எழுதின விதத்தைப் பாத்தா, ஒரே தாளத்துல, நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல, மூச்சே விடாத மாதிரி அடிக்குதுன்னா அது செம்மார்புக் குக்குறுவான்தான், சத்தத்தை நேர்ல கேக்காம நூத்துக்கு நூறு சொல்ல முடியாது, ஆனா என் கணிப்பு அதுதான். மரத்தைக் கொத்துற சத்தம்னு நினைச்சுத்தான் உங்களுக்குக் கிடைக்காம போகுது, அது கொத்துறதில்ல, கூப்பிடுறது. அலகை மூடிக்கிட்டே கூப்பிடும், கூப்பிட்டுக்கிட்டே தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பும், அதனால சத்தம் இங்க ஒரு தடவை அங்க ஒரு தடவைன்னு வர்ற மாதிரி ஏமாத்தும். சிட்டுக்குருவியை விடக் கொஞ்சம்தான் பெருசு, பச்சை உடம்பு, பச்சை இலையில கரைஞ்சு போயிடும். அதனால இலைக்குள்ள தேடாதீங்க. காலையில வெயில் வந்ததும், அந்தப் பார்க்குல இருக்குறதுலயே உயரமான மரத்தோட உச்சியில காஞ்சுபோன மொட்டைக் கிளை எதுன்னு பாருங்க, அங்கதான் வெயில் காய உக்காந்திருக்கும். நெத்தியிலயும் மார்புலயும் சிவப்பு, கண்ணைச் சுத்தியும் தொண்டையிலயும் மஞ்சள். ஒவ்வொரு டொங்குக்கும் தொண்டை உப்பி உப்பி அடங்குறது கீழ இருந்தே தெரியும். அந்தக் காஞ்ச கிளையைத்தான் அது குடைஞ்சு பொந்து பண்ணிக் குஞ்சு பொரிக்கும், அதனால பார்க் பராமரிக்கிறவங்க அதை வெட்ட வந்தாங்கன்னா, கீழ ஆள் நடக்காத இடமா இருந்தா விட்டு வைக்க முடியுமான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க.